குப்புற ஏழு நாள்

இரண்டாம் நாள், காலை

கட்டிலின் கால்மாட்டில் தலை. விளிம்புக்கு வெளியே முகம். கீழே தரையில் இந்த நோட்டு. தொங்குகிற கையால் எழுதுகிறேன். முப்பத்தோரு வருஷம் கரும்பலகையில் எழுதிய கைதான், ஆனால் மணியடித்த பிறகும் பேப்பரைக் கொடுக்காமல் கிறுக்குகிற பையனின் எழுத்து மாதிரி வருகிறது. போகட்டும். வலது கண் நன்றாகத்தான் இருக்கிறது.

இடது கண்ணுக்குள் வாயு அடைத்து அனுப்பியிருக்கிறார்கள். வாயு எப்போதும் மேலே போய் ஒட்டிக்கொள்ளும். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணின் பின்சுவர் மேற்கூரை ஆகிவிடும். விழித்திரையில் விழுந்த ஓட்டை இருப்பது அந்தக் கூரையின் நட்டநடுவில். வாயு அங்கே அடைத்துக்கொண்டு நிற்க, ஈரம் படாமல் ஓட்டையின் கரைகள் இரண்டும் ஒன்றையொன்று தேடிப்போய்ச் சேர வேண்டும். ஏழு நாள் குப்புற. மணிக்கு ஐம்பது நிமிஷம் குனிவு, பத்து நிமிஷம் விடுதலை. சாப்பாடு, கழிப்பறை, மருந்து, முதுகை நிமிர்த்துவது எல்லாம் அந்தப் பத்துக்குள். ராத்திரியும் இதே கதிதான். தாளமுடியாவிட்டால் பக்கவாட்டில் படுக்கலாம். மல்லாக்க மட்டும் கூடவே கூடாது.

டாக்டர் ஒரு மணி நேரம் வேலை பார்த்தார். மிச்ச ஆபரேஷனை என் கழுத்து செய்துகொண்டிருக்கிறது.

அதே நாள், சாப்பிட்ட பிறகு

இந்த ஓட்டையைக் கண்டுபிடித்தது சீயக்காய். புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை தலைக்கு ஊற்றும்போது வலது கண்ணில் விழுந்துவிட்டது. அந்தக் கண்ணை இறுக மூடிக்கொண்டு இடது கண்ணால் சொம்பைத் தேடினேன். எதிரே குளியலறைச் சுவரில் டைல்ஸ் கோடுகள், நடுவில் யாரோ கிள்ளி இழுத்த மாதிரி உள்வாங்கி நின்றன. குழாய் இருக்கிறது, குழாயின் திருகு இல்லை. கண்ணைக் கழுவிவிட்டு இரண்டு கண்ணாலும் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. நல்ல கண் மற்றதன் குறையை மூடி மறைத்துவிடுகிறது. வீட்டில் ஒருவர் கடன் வாங்கிக்கொண்டே இருக்க, இன்னொருவர் சத்தமில்லாமல் கட்டிக்கொண்டே இருப்பது போல.

கண்ணாடிக் கடையில் பவர் மாறியிருக்கிறது என்று புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு இரண்டு மாதத்தைக் கழித்தேன். அந்த இரண்டு மாதத்துக்கு என்னைத்தான் திட்ட வேண்டும். இயற்பியல் டீச்சர். நேர்கோடு வளைகிறது என்றால் லென்ஸைத் தாண்டித் திரையில்தான் கோளாறு என்று தோன்றியிருக்க வேண்டாமா?

மார்கழியில் வாசலில் ஏழு புள்ளி ஏழு வரிசை வைத்துவிட்டு, எதற்கோ வலது கண்ணைப் பொத்திப் பார்த்தேன். நடுப்புள்ளியைக் காணோம். அதைச் சுற்றி இருந்த புள்ளிகள் எல்லாம், காணாமல் போனவனை எட்டிப் பார்க்கிற மாதிரி அந்த இடத்தை நோக்கிச் சாய்ந்திருந்தன. நிமிர்ந்து திண்ணையில் உட்கார்ந்திருந்த இவர் முகத்தைப் பார்த்தேன். காது இரண்டும் இருக்கிறது, மூக்கு இல்லை. அன்றைக்கே மதுரைக்குப் பஸ் ஏறினோம்.

ஸ்கேனில் விழித்திரையின் குறுக்குவெட்டைக் காட்டினார் டாக்டர். ஆற்றங்கரை மாதிரி இரண்டு பக்கமும் மேடு, நடுவில் வெறுமை. 380 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இல்லை. கண்ணுக்குள் நிறைந்திருக்கும் கூழ் வயதாக ஆகச் சுருங்கும், சுருங்கும்போது விழித்திரையை விட்டு விலகும். பெரும்பாலோருக்குச் சுமுகமாக விலகிவிடுகிறது. சிலருக்கு நடுப்புள்ளியை மட்டும் விடாமல் பிடித்து இழுத்துக் கிழித்துவிடுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம், அதுவும் அறுபதை ஒட்டி. “நான் ஏதாவது பண்ணதாலயா டாக்டர்?” என்று கேட்டேன். டிவியும் இல்லை, படிப்பும் இல்லை, அடுப்புப் புகையும் இல்லை என்றார். அதைக் கேட்டதும் ஏனோ இடுப்பிலிருந்து ஒரு குடத்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள்

ஆபரேஷனைப் பற்றி எழுத அதிகம் இல்லை. கண்ணுக்குக் கீழே போட்ட ஊசிதான் வலி. அதன்பிறகு முழித்துக்கொண்டே படுத்திருந்தேன். வெளிச்சத்துக்குள் கம்பி போன்ற ஒரு நிழல், குளத்தடியில் தண்ணீர்ப்பாம்பு போவது மாதிரி போயிற்று. ஒரு நேரம் எல்லாம் நீலமானது. உள்ளே ஒரு சவ்வை உரிக்க வேண்டுமாம். அது கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு என்பதால் நீலச்சாயம் போட்டு, சாயம் ஏறிய சவ்வைப் பிடித்து உரிக்கிறார்கள். வெங்காயத்தின் உள்தோலை உரித்துப் பழகியவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட வேலை என்று புரியும். டாக்டரும் நர்சும் இடையில் மாட்டுத்தாவணியில் நெரிசல் பற்றிப் பேசிக்கொண்டார்கள். அது எனக்குப் பெரிய தைரியமாக இருந்தது.

வலிக்குத் தயாராக இருந்தேன். குனிவுக்குத் தயாராக இல்லை. இரண்டும் வேறு வேறு. வலிக்கு மாத்திரை உண்டு.

சொட்டு மருந்துப் பொறுப்பு இவருடையது. கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் தன் பனியன் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாத மனுஷன், ஒரு அட்டையில் கோடு கிழித்து ட்ரிப் ஷீட் போட்டுவிட்டார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இடது ஓரத்தில் நேரம், பக்கத்தில் மருந்து, கடைசிக் கட்டத்தில் கையெழுத்து. கிருமிக்கு ஒன்று நாலு வேளை. கண்மணியை விரித்து வைக்க ஒன்று இரண்டு வேளை. வீக்கத்துக்கு ஸ்டீராய்டு ஆறு வேளை. அது அடுத்த வாரம் ஐந்து, அதற்கடுத்த வாரம் நாலு என்று படிப்படியாக இறங்கும், திடீரென்று நிறுத்தக்கூடாது. ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஐந்து நிமிஷம். இல்லாவிட்டால் பின்னால் வருவது முன்னால் போனதைக் கழுவிவிடும்.

ஸ்டீராய்டு குப்பியை விடுமுன் குலுக்க வேண்டும். மருந்து அடியில் வெள்ளையாகப் படிந்து கிடக்கும், குலுக்காமல் விட்டால் வெறும் தண்ணீர்தான் விழும். இவர் குலுக்குகிற தோரணையைப் பார்த்தால் தோல்பையில் சில்லறை தேடுவது போல இருக்கிறது. அரை நிமிஷம் தலையை அண்ணாந்து கொடுக்கலாம், அதற்கு மட்டும் அனுமதி. ஒரு சொட்டு போதும், இரண்டாவது கன்னத்துக்குத்தான் போகும். விட்டதும் மூக்கை ஒட்டிய கண்முனையை விரலால் அழுத்திக்கொண்டால் தொண்டையில் கசப்பு இறங்காது. இதை நர்ஸ் சொன்னார். முதல் நாள் மறந்துவிட்டு ராத்திரி முழுக்க வேப்பங்கொழுந்து மென்ற வாயோடு கிடந்தேன்.

அறியாமல் தலையைத் தூக்கினால், அடுத்த அறையிலிருந்து “ஹோல்டான்!” எப்படித்தான் தெரிகிறதோ.

மூன்றாம் ராத்திரி (நாலாம் நாள் எழுதியது)

ஒன்பது மணிக்குப் புருவத்துக்கு மேலே வலி ஆரம்பித்தது. தலைவலி என்று நினைத்தேன். பத்தரைக்கு வாந்தி. குப்புறக் கிடந்து வாந்தி எடுப்பது சௌகரியம் என்பது மட்டும்தான் நல்ல செய்தி. கண் கல் மாதிரி கனத்தது. காலைவரை பொறுத்துக்கொள்ளலாம் என்றேன். இவர் ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை எடுத்து விளக்கடியில் படித்தார். வலியோடு வாந்தி வந்தால் எந்நேரமானாலும் உடனே வரவும் என்று அதில் அடிக்கோடு போட்டிருந்தது. பதினொன்றுக்குக் கார். பின்சீட்டில் உட்கார்ந்து, முழங்காலில் தலையணை வைத்து, அதில் நெற்றியைக் கொடுத்தபடி மதுரைவரை. வெளியே எந்த ஊர் போகிறது என்று வேகத்தடையை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். நிலக்கோட்டைக்கு அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

கண்ணின் அழுத்தம் 34. பத்திலிருந்து இருபத்தொன்றுக்குள் இருக்க வேண்டியது. சொட்டு மருந்தும் மாத்திரையும் கொடுத்து, இரண்டு மணி நேரம் மேஜையில் குப்புறக் கவிழ்த்து வைத்து, 22க்கு இறக்கிய பிறகுதான் அனுப்பினார்கள். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு அழுத்தம் இப்படி ஏறுவதுண்டாம். காலைவரை விட்டிருந்தால் நரம்பைத் தின்றிருக்கும் என்றார் அந்த இளம் டாக்டர், கொட்டாவியை அடக்கிக்கொண்டு.

பொறுத்துக்கொள்வதை நாம் ஒரு குணமாகச் சொல்லிக்கொடுத்து வளர்க்கிறோம், பெண்பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு கரண்டி கூடுதலாக. நேற்று ராத்திரி அந்தக் குணம் என் கண்ணைக் கொண்டுபோயிருக்கும்.

அந்த மாத்திரையால் விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்கிறது. பன்னீர் சோடா கேட்டு வாங்கி ஸ்ட்ராவில் உறிஞ்சினேன். காற்றுப்போன சோடா மாதிரி சப்பென்று இருந்தது. கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவிருந்தார் இவர். மாத்திரைத் தாளைப் படித்த பிறகுதான் தெரிந்தது, கோளாறு என் நாக்கில்.

ஐந்தாம் நாள்

வருகிறவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல ஒரே வாக்கியம்: “கண் ஆபரேஷன்தானே, மறுநாளே டிவி பாக்கலாமே!”

அவர்கள் சொல்வது புரை ஆபரேஷன். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. இந்தப் பக்கத்து ஊர்களில் கண் என்றாலே புரைதான். என் தாத்தாவுக்குப் புரை எடுத்தபோது தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து அசையாமல் கிடத்தியிருந்தார்கள். அப்புறம் சாகும்வரை சோடாபுட்டிக் கண்ணாடி. 1976இல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களோடு ஆயிரக்கணக்கில் புரை எடுத்தவர் அவர். ஊர் ஊராக முகாம், பஸ்ஸில் கூட்டிப்போய்க் கூட்டிவந்து விடுவது, கண்ணுக்குள்ளேயே லென்ஸ் என்று எல்லாம் வந்து, அந்த மணல் மூட்டையை ஜனங்கள் அடியோடு மறந்தே போனார்கள். மறந்தது நல்லதுதான். ஆனால் அதனாலேயே என் ஏழு நாளை யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். கொஞ்சம் சொகுசு கொண்டாடுகிறாள் என்று பெரியகுளத்து நாத்தனார் நினைப்பது, அவள் மெட்டி தரையில் தட்டுகிற தட்டலிலேயே தெரிகிறது.

அவள் தடைப் பட்டியலோடு வந்திருக்கிறாள். கத்தரிக்காய் கூடாது, கருவாடு கூடாது, தக்காளி கூடாது. நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் வைத்துக் கட்டலாம். நான் பதில் சொல்லவில்லை. குப்புறக் கிடப்பவளுக்கு அது ஒரு வசதி, முகத்தைக் காட்டாமலே இருந்துவிடலாம். பூ வைக்கிற பேச்சு வந்தபோது மட்டும், “அண்ணி, கண்ணுல பச்சத்தண்ணி கூடப் படக்கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க” என்று தரையைப் பார்த்தபடி சொன்னேன். சாயங்காலம் அவளே கத்தரிக்காய் போட்டுச் சாம்பார் வைத்தாள், மறந்துபோய். நன்றாக இருந்தது.

இன்னும் ஐந்தாம் நாள்

காலை மட்டுமே பார்த்து ஆளைச் சொல்லப் பழகிவிட்டேன். கீரைக்கார அம்மாவின் பித்தவெடிப்பில் செம்மண். மாடிவீட்டுப் பையனின் ஷூ லேஸ் எப்போதும் அவிழ்ந்தே இருக்கிறது. மொசைக் தரையில் என் முகத்துக்கு நேர் கீழே நாலு கறுப்புக் கல், ஒரு மஞ்சள் கல், அதைச் சுற்றி ஒரு விரிசல். இந்த வீட்டில் இருபது வருஷமாக அதன்மேல் நடந்திருக்கிறேன்.

மத்தியானம் மருந்து நேரம். இவர் பக்கத்தில் வந்து நின்று குப்பியைக் குலுக்கிக்கொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். கெண்டைக்காலில் நரம்பு பச்சையும் நீலமுமாகப் புடைத்துச் சுருண்டு, மண்புழுக்கள் பின்னிக்கொண்ட மாதிரி முழங்காலுக்குப் பின்னால்வரை ஏறியிருந்தது. இடது கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து மினுமினுத்தது. அங்கே ஒரு சொறிந்த புண், காய்ந்தும் காயாமலும்.

“இது எப்பருந்து?”

“எது?”

“காலு.”

“அதுவா. அது பஸ்ஸுல ஏறுன நாள்ல இருந்து இருக்கு டீச்சர். தலையத் தூக்கு, அஞ்சு நிமிஷம் ஆச்சு.”

இருபத்தொன்பது வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்ற கால். எனக்குக் கல்யாணமானபோது இவருக்கு இந்தக் கால் இல்லை, அதுமட்டும் நன்றாகத் தெரியும். அதற்கப்புறம் எப்போது பார்த்தேன் என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன். மதியச் சொட்டு கசந்தது, முனையை அழுத்த மறந்திருக்கிறேன்.

ஆறாம் நாள்

கழுத்துக்கு விடிவு வந்தது கீரைக்கார அம்மாவால்.

இதுவரை தலையணை, தலையணைக்கு மேல் துண்டு, குழந்தைகள் நீச்சலுக்குப் போடுகிற ரப்பர் வளையம் (பேரனுடையது, வாத்துப் படம் போட்டது) எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று. எதை வைத்தாலும் ஒன்று மூச்சு முட்டும், இல்லை கண்ணை அழுத்தும். அந்த அம்மா கூடையை இறக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். தன் தலையிலிருந்த சும்மாட்டை எடுத்துக் காட்டி, “இத மாதிரி சுத்திக்க வேண்டியதுதான தாயி” என்றார். இவருடைய பழைய நாலு முழ வேட்டி இரண்டை முறுக்கி, வட்டமாகச் சுற்றி, மேலே இன்னொரு துணியை இறுக்கி, கைக்கு அடக்கமாக ஒரு பெரிய சும்மாடு பண்ணிக் கொடுத்தார். நெற்றியும் தாடையும் விளிம்பில் உட்காருகின்றன. கண்ணும் மூக்கும் நடு ஓட்டையில். ஒன்றும் எதன்மேலும் படவில்லை. கட்டில் விளிம்பைத் தாண்டித் தொங்காமல், மேஜைமேல் வைத்துக் கவிழ்ந்தால்கூடப் போதும்.

பாரத்தைத் தலைமேல் சுமக்கக் கண்டுபிடித்ததைத் தலைகீழாக வைத்துத் தலையையே சுமக்க வைத்தாயிற்று. அந்த அம்மாவுக்கு ஒரு கட்டு முருங்கைக்கீரைக்கு மேலேயே கொடுத்திருக்கலாம். வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

அதே நாள், விளக்கு வைத்த பிறகு

அம்மா ஞாபகம். 1985 வாக்கில், அறுபத்திரண்டு வயதிருக்கும், “உன் மொகத்துல மூக்கு இல்லாமத் தெரியுதுடி” என்று சொன்னாள். எல்லாரும் சிரித்தோம். கொஞ்ச நாளில் ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள், பிறகு அரிசியில் கல் பொறுக்குவதை விட்டாள், பிறகு கோலத்தை. வயசு என்றோம். எங்களுக்குத் தெரிந்த ஒரே காரணம் அதுதான்.

கண்ணுக்குள் சிறு துளை போட்டுக் கூழை வெட்டி உறிஞ்சி எடுக்கலாம் என்று அமெரிக்காவில் ராபர்ட் மாக்கமர் செய்து காட்டியது 1970இல். ஆனால் நடுப்புள்ளி ஓட்டைக்கு அதை வைத்து ஏதும் செய்யமுடியும் என்று கெல்லி, வெண்டல் என்ற இரண்டு டாக்டர்கள் எழுதியது 1991இல்தான். அவர்கள் செய்ததும் இதேதான்: கூழை எடு, வாயுவை அடை, ஆளைக் குப்புறப் போடு. அதற்கு முன்னால் எந்த ஊரிலும், எவ்வளவு பணம் இருந்தாலும், இதற்கு ஒன்றும் செய்ய முடியாது என்றே சொல்லி அனுப்பியிருப்பார்கள். ஆக, அன்றைக்கு அம்மாவை நாங்கள் கூட்டிப் போயிருந்தாலும் திரும்பித்தான் வந்திருப்போம். அவளுக்கு இருந்தது இதுதானா என்பதற்கும் சாட்சி இல்லை.

ஆனாலும் சிரித்திருக்க வேண்டாம்.

எட்டாம் நாள்

நிமிர்ந்தாயிற்று. ஆட்டுக்கல்லைச் சுமந்து இறக்கின மாதிரி தோள். எதிர்ச்சுவர், காலண்டர், மின்விசிறி எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்தேன். மின்விசிறியில் தூசி.

பேரன் போனில் கேட்டான்: “ஆச்சி, இன்னும் குப்புறத்தான் இருக்கியா?” அவன் நாலு மாசத்தில் குப்புற விழுந்தபோது கொழுக்கட்டை பண்ணிக் கொண்டாடினோம். “எனக்கு யாரும் பண்ணலையேடா” என்றேன்.

ஒன்பதாம் நாள்

இடது கண்ணைத் திறந்தால் எல்லாம் கலங்கல். ஆனால் இன்றைக்கு மேல் ஓரத்தில் தெளிவாக ஒரு பட்டை. அதற்குக் கீழே கறுப்பாக ஒரு கோடு, கிடைமட்டமாக, கொத்தனார் ரசமட்டம் வைத்த மாதிரி. தலையைச் சாய்த்தால் கோடு சாயாமல் தரைக்கு மட்டமாகவே நிற்கிறது. நடந்தால் அலையடிக்கிறது.

வாயு நிஜத்தில் கண்ணின் மேல்பக்கத்தில் இருக்கிறது. விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுவதால் எனக்குக் கீழே இருப்பதாகத் தெரிகிறது. எத்தனை வருஷம் எத்தனை பிள்ளைகளுக்கு இந்தப் படத்தை வரைந்திருப்பேன். மெழுகுவர்த்தி, லென்ஸ், திரையில் தலைகீழ் மெழுகுவர்த்தி. பிள்ளைகள் மனப்பாடம் பண்ணினார்கள், நானும் அப்படித்தான் இருந்திருக்கிறேன் போல. இன்றைக்குத்தான் தெரிகிறது அது உண்மை என்று.

வாயு கரையக் கரைய அந்த இடத்தில் உடம்பே நீரை ஊறவைத்து நிரப்பிக்கொள்ளும். கோடு நாளுக்கு நாள் கீழே இறங்கும். இவர் இதைக் கேட்டதும் தினத்தாளைப் பார்க்கிற பாவனையில், “இன்னிக்கி டேம் எத்தன அடி?” என்றார். வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. “அறுபது” என்றேன்.

பதினோராம் நாள்

48 அடி.

பன்னிரண்டாம் நாள்

பெரியப்பா வழியில் ஒரு நிச்சயதார்த்தம், கொடைக்கானலில். வீட்டு வாசலிலேயே கார் வரும், ஏசி, படுத்துக்கொண்டே போய்வரலாம் என்கிறார்கள். கையில் ஆஸ்பத்திரியில் கட்டிவிட்ட பட்டை இருக்கிறது: விமானம் கூடாது, மலையேற்றம் கூடாது, வேறு ஆபரேஷன் என்றால் மயக்க வாயுவைப் பற்றி முன்கூட்டிச் சொல்லவும். பட்டையைக் காட்டினேன். “ஏரோப்பிளேன்லயா கூப்புடுறோம், மலைக்குத்தான?” என்றார் சித்தப்பா.

வளிமண்டல அழுத்தம், பாயில் விதி என்று ஆரம்பித்தேன். ஓய்வு பெற்றாலும் வாய் விடுவதில்லை. இங்கே வத்தலக்குண்டிலிருந்து அங்கே ஏறும்போது காற்றழுத்தம் குறைவதால் வாயு ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு விரியப் பார்க்கும். கண் விரியாது. ஆகவே உள்ளே அழுத்தம் எகிறும், விழித்திரைக்குப் போகிற ரத்தம் நின்றால் பார்வை போய்விடும். சித்தப்பா கேட்டுக்கொண்டேதான் இருந்தார், கேட்டதாகத் தெரியவில்லை.

இவர் வெளியே வந்தார். “சித்தப்பா, நான் கொடைக்கானல் ரூட்டுல ஆறு வருஷம் ஓடிருக்கேன். அடிவாரத்துல சின்னப்புள்ளைக சிப்ஸ் பாக்கெட்டு வாங்கிட்டு ஏறும். பெருமாள்மலை வர்றதுக்குள்ள அது தலகாணி மாதிரி உப்பிரும். சில நேரம் பட்டுனு வெடிக்கும், டயருன்னு நெனச்சு டிரைவர் ஓரங்கட்டுவாரு. அந்தப் பாக்கெட்டுதான் இப்ப இவ கண்ணு.”

சித்தப்பா எழுந்து போய்விட்டார். நான் முப்பத்தோரு வருஷம் வகுப்பெடுத்திருக்கிறேன்.

பதினான்காம் நாள்

20 அடி. நேராகப் பார்த்தால் கோட்டுக்கு மேலே தெளிவு. குனிந்தால் கறுப்பு விளிம்பு கட்டிய ஒரு வட்டம் நடுவில் வந்து நிற்கிறது, கண்ணாடி வளையல் தண்ணீருக்குள் கிடக்கிற மாதிரி. அந்த வட்டத்துக்குள் விரல் நுனியை மூக்குக்குப் பக்கமாகக் கொண்டுவந்து பார்த்தேன். ரேகைகள் உழவுசால் மாதிரி பெரிது பெரிதாக.

தம்பி மின்வாரியத்தில் துணைமின் நிலையத்தில் இருக்கிறான். எந்த வாயு என்று கேட்டான். சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு என்றேன். போனில் சற்று நேரம் பேச்சே இல்லை. “அக்கா, அது எங்க பிரேக்கருக்குள்ள அடைக்கிற கேஸ்!” அதேதான். மின்பொறியை அணைக்க அங்கே, ஓட்டையை அடைக்க இங்கே. காற்றைவிட ஐந்து மடங்கு கனம். ஆனாலும் தண்ணீருக்கு முன்னால் அது பஞ்சு, மிதந்துதான் ஆக வேண்டும்.

பதினேழாம் நாள்

காலையில் வட்டம் குன்றிமணி அளவு. மத்தியானம் அது இரண்டாக உடைந்தது. ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. மாலை விளக்கேற்றப் போனேன். திரும்பி வந்து குனிந்து பார்த்தால் இல்லை.

“டேம் காலி” என்றேன். ட்ரிப் ஷீட்டின் பின்பக்கம் தேதி போட்டு எழுதிக்கொண்டார். கைப்பட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டப் போனவர், டாக்டர் பார்த்துவிட்டுச் சொல்லட்டும் என்று நிறுத்திக்கொண்டார். செக்கிங் பயம் இன்னும் போகவில்லை.

ஆறாவது வாரம்

ஸ்கேனில் கரைகள் இரண்டும் சேர்ந்துவிட்டன. நடுவில் வெறுமை இருந்த இடத்தில் சின்னதாக ஒரு பள்ளம், இருக்க வேண்டிய பள்ளம்தான். பட்டையை அன்றைக்குத்தான் வெட்டினார்கள். முன்பு பலகையில் முதல் எழுத்தோடு நின்றவள், இப்போது நாலாவது வரிசையின் பாதிவரை வந்தேன். இன்னும் ஆறு மாதம், ஒரு வருஷம்வரை கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறும், பழைய கண்ணாக ஆகுமென்று எதிர்பார்க்க வேண்டாம் என்றார் டாக்டர். கூழை எடுத்த கண் என்பதால் ஓரிரு வருஷத்தில் அதே கண்ணில் புரை வரும், பெரும்பாலும் வந்தே தீரும், அப்போது அதை எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் போன். சொன்னேன். “புரைதான? மறுநாளே டிவி பாக்கலாம்” என்றாள். இந்த முறை சரியாகத்தான் சொல்கிறாள்.

ஏழாவது வாரம், வெள்ளி

வாசலில் ஏழு புள்ளி ஏழு வரிசை. வலது கண்ணைப் பொத்தினேன். நடுப்புள்ளி இருக்கிறது. மங்கலாக, மற்றவற்றைவிடச் சின்னதாக. பக்கத்துப் புள்ளிகள் இரண்டு இன்னும் லேசாகச் சாய்ந்துதான் நிற்கின்றன. கையை எடுத்துவிட்டு இரண்டு கண்ணாலும் பார்த்து இழுத்தேன். கோடு நேராக வந்தது.

இவர் திண்ணையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை திண்டுக்கல்லில் ரத்தக்குழாய் டாக்டரிடம் இவருக்கு டோக்கன் போட்டிருக்கிறேன். இறுக்கமான காலுறை போட வேண்டியிருக்கும் என்று சொன்னேன். வெயிலில் யார் அதை மாட்டுவது என்கிறார். காலை மேலே தூக்கி வைத்துப் படுக்கச் சொல்வார்கள் என்றேன்.

“எத்தன நிமிஷம்?”

அதையெல்லாம் நான் அட்டையில் கோடு கிழித்து வைத்துவிட்டேன் என்று இன்னும் அவரிடம் சொல்லவில்லை.